ராணுவ ஆட்சியில் கவர்ச்சி காமெடி: பிரேசிலின் 'போர்னோசான்சாடா' பிறந்தது எப்படி?

பிரேசிலில் 1964 முதல் 1985 வரை ராணுவ ஆட்சி. 1968-க்குப் பிறகு தணிக்கை இன்னும் இறுகியது. ஆனா, அந்தக் காலத்துலதான் கவர்ச்சி காமெடிப் படங்கள் தியேட்டர்களை நிரப்பின. எப்படி?

பெயர்க் காரணம் என்ன?

'சான்சாடா' என்பது அங்கே முன்பு ஓடிய பாட்டும் கூத்துமான காமெடிப் படம். அதோடு 'போர்னோ' சேர்த்து கேலியா வச்ச பெயர் இது. பெயர்ல இருக்குற காரம் படத்துல இருக்காது. இரட்டை அர்த்த வசனம், கொஞ்சம் நிர்வாணம், ஏமாறும் கணவன். அவ்வளவுதான்!

ஏன் இத்தனை படங்கள்?

ஆண்டுதோறும் குறிப்பிட்ட நாட்கள் உள்நாட்டுப் படங்களைத் திரையிட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இருந்தது. தியேட்டர்காரர்களுக்குச் சீக்கிரம், மலிவாகப் படம் தேவை. சாவோ பாலோவின் 'போகா டோ லிஷோ' (குப்பையின் வாய்) பகுதியில் இருந்த சிறு தயாரிப்பாளர்கள் அதைக் கொடுத்தார்கள்.

தணிக்கை விட்டுவிட்டதா?

இல்லை. இந்தப் படங்களுக்கும் கத்தரி விழுந்தது. ஆனாலும், 'மக்களைத் திசைதிருப்பும் படங்கள்' என்று ஆட்சியின் எதிர்ப்பாளர்கள் சாடினார்கள், ஒழுக்கவாதிகளும் திட்டினார்கள். அதே பட்டறையில் தொழில் கற்ற கார்லோஸ் ரெய்ஷன்பாக், பின்னர் மதிப்புமிக்க இயக்குநர் ஆனார்.

முடிவு எப்போது?

1982-ல் 'கோய்சாஸ் எரோட்டிகாஸ்' என்ற அப்பட்டமான ஆபாசப் படம் வெளியாகிக் கூட்டத்தை இழுத்தது. எல்லாத்தையும் காட்டுற படம் வந்த பிறகு, பாதி காட்டிச் சிரிக்க வச்ச படத்துக்கு வேலை இல்லாம போச்சு. உள்நாட்டு சினிமாவைக் காக்க வந்த சட்டம், யாரும் எதிர்பார்க்காத சினிமாவை வளர்த்ததுதான் இந்தக் கதை.