தொப்புளைச் சுற்றி 14 ஊசி: குன்னூர் சொல்லும் கதை

இந்த எபிசோட் ஒரு நாய்க்கடியிலிருந்து ஆரம்பிக்குது. கடி வாங்கியது நான்தான்.

போன வருஷம் ரெண்டு வாரம் குன்னூரில் அத்தை வீட்டிலிருந்து வேலை பார்த்தேன். ஒரு சாயங்காலம் எஸ்டேட் லயன் வீடுகள் பக்கம் நடக்கும்போது ஒரு நாய் கணுக்காலைக் கவ்விவிட்டது. கொஞ்சம்தான் ரத்தம். "சின்னக் கீறல்தானே அத்தை, சென்னை போய்ப் பார்த்துக்கறேன்" என்றேன். அத்தை காதிலேயே வாங்கவில்லை. "மொதல்ல கழுவுடா" என்று குழாயடியில் நிற்க வைத்து, கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தார். அப்புறம் நேரா ஆஸ்பத்திரி. கடித்த இடத்திலேயே ஒரு மருந்தை இறக்கினார்கள். ரெண்டு கையிலும் தோலில் சின்னதாகக் குத்தினார்கள்.

மறுநாள் குத்திய இடம் சிவந்து வீங்கி, லேசா ஜுரம். "ஊசி ஒத்துக்கல போல, அடுத்த டோஸ் வேணாம்" என்று சொல்லிவிட்டேன். அப்போதுதான் அத்தை அந்தக் கதையைச் சொன்னார். அவர் சின்னப் பொண்ணா இருந்தப்போ பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவரை நாய் கடித்ததாம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி. எல்லாம் முடிந்த கொஞ்ச நாளில் அவருக்குக் கால் ரெண்டும் விளங்காமல் போய்விட்டதாம். "நாய் அவரை விட்டுருச்சு, ஊசி புடிச்சுக்கிச்சு. ஆனா அது அந்தக் காலத்து ஊசிடா. இது வேற. ஒழுங்கா எல்லாத்தையும் போட்டுக்க."

வாட்ஸ்அப் வதந்தி ரகம் என்றுதான் நினைத்தேன். தேடிப் படித்தபோது, அத்தை சொன்ன ரெண்டுமே உண்மை.

சிம்ஸ் பூங்காவுக்குப் போனவர்கள் பக்கத்தில் இருக்கும் பாஸ்டர் நிறுவனத்தைப் பார்த்திருப்பீர்கள். அது அங்கே வந்ததற்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. 1902-ல் லில்லி பேகன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்துபோனார். தென்னிந்தியாவில் அப்போது சிகிச்சையே கிடையாது. 1900-ல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் இருந்தது இமயமலை அடிவாரத்துக் கசௌலியில். இங்கிருந்து ரயிலில் பல நாள் பயணம். பிறகு ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரர் வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்த நன்கொடையில் ஒரு பங்கு இங்கே வந்தது. 1907-ல் குன்னூர் நிறுவனம் திறக்கப்பட்டது.

ஏன் இவ்வளவு அவசரம்? ரேபீஸ் ஒரு ஓட்டப்பந்தயம். வைரஸ் கடித்த இடத்திலிருந்து நரம்புக்குள் நுழைந்து மெதுவாக மூளையை நோக்கி ஏறும். நரம்புக்குள் போய்விட்டால் நம்ம எதிர்ப்பு சக்தியின் கண்ணில் அது அவ்வளவாகப் படாது. மூளைக்குப் போய் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. ஆனால் அந்தப் பயணத்துக்குப் பெரும்பாலும் வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் உடம்புக்கு எதிரியின் முகத்தைக் காட்டி ஆன்டிபாடி தயாரிக்க வைத்துவிட்டால் நாம் ஜெயித்தோம். 1885-ல் லூயி பாஸ்டர், ஜோசஃப் மைஸ்டர் என்ற 9 வயதுப் பையனுக்குச் செய்தது அதுதான். கடித்த பிறகு போடும் தடுப்பூசி.

சரி, வைரஸை எங்கே வளர்ப்பது? ஆய்வகத் தட்டில் செல் வளர்க்கும் வித்தை அன்றைக்குக் கிடையாது. ரேபீஸ் நன்றாகப் பெருகும் இடம் மூளையும் தண்டுவடமும். பாஸ்டர் முயலின் தண்டுவடத்தை உலர்த்திப் பயன்படுத்தினார். 1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் வேறு வழி கண்டார். நோய் கண்ட விலங்கின் மூளையை அரைத்து, கார்பாலிக் அமிலத்தால் வைரஸைச் செயலிழக்க வைப்பது. செய்வது சுலபம், செலவு கம்மி, உயிர் வைரஸ் என்ற பயமும் இல்லை. ஆட்டு மூளையில் செய்த இந்தத் தடுப்பூசிதான் இந்தியா முழுக்கப் பல தலைமுறைக்கு நின்றது. எத்தனையோ பேரைக் காப்பாற்றியது. மருந்தின் அளவு அதிகம், நாள் தவறாமல் போடணும், அதனால் வயிற்றுத் தோலுக்கடியில் இடம் பார்த்தார்கள். 'தொப்புளைச் சுற்றி' வந்தது இப்படித்தான்.

பிரச்சனையும் அந்த மூளையில்தான் இருந்தது. என் பாஷையில் சொல்றேன். ஆன்டிவைரஸ் மென்பொருளுக்கு ஒரு வைரஸ் மாதிரியைக் காட்டி, 'இதைப் பார்த்தா அழி' என்று சொல்றீங்க. ஆனா அந்த மாதிரிக்குள்ள உங்க சிஸ்டத்தோட கோப்புகளும் கலந்து கிடக்கு. அது ரெண்டையும் சேர்த்தே கத்துக்கும். நரம்பைச் சுற்றி மயலின் என்ற உறை உண்டு, மின்கம்பிக்கு மேல் பிளாஸ்டிக் மாதிரி. ஆட்டு மயலினும் மனித மயலினும் நெருங்கிய சாயல். திரும்பத் திரும்ப ஆட்டு மூளையைக் குத்தியதில், சிலரின் எதிர்ப்பு சக்தி மயலினையும் எதிரிப் பட்டியலில் சேர்த்துவிட்டது. காவல் செல்கள் மூளைக்குள்ளும் தண்டுவடத்துக்குள்ளும் புகுந்து அழற்சியைக் கிளப்பின, உறை உரிந்தது. அந்த அண்ணனுக்கு நடந்தது அநேகமாக இதுதான்.

1933-ல் நியூயார்க்கில் தாமஸ் ரிவர்ஸ் குழு, வைரஸே இல்லாத சாதாரண மூளைச் சாறைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்தியது. சில குரங்குகளுக்கு வாதம் வந்தது. குற்றவாளி வைரஸ் இல்லை, மூளைத் திசு. 1987-ல் தாய்லாந்து ஆய்வாளர்கள், செம்பிள் தடுப்பூசியால் பாதிக்கப்பட்டவர்களிடம் மயலின் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடிகளையே காட்டினார்கள்.

அதற்கப்புறம் இந்தத் தடுப்பூசியின் வரலாறு, மூளையை அதிலிருந்து வெளியே எடுத்த வரலாறுதான். 1955-ல் சிலி நாட்டில், மயலின் இன்னும் சரியாக உருவாகாத எலிக்குஞ்சின் மூளைக்கு மாறினார்கள். பிறகு வந்தது செல் வளர்ப்பு: குரங்குச் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ செல்களில் வைரஸை வளர்ப்பது. குன்னூர் நிறுவனமும் அந்த வழிக்கு மாறியது. 2005-க்குள் இந்தியா ஆட்டு மூளைத் தடுப்பூசிக்கு விடை கொடுத்தது. கசௌலியில் செம்பிள் தொடங்கியதிலிருந்து கணக்குப் பார்த்தால் 90 வருஷத்துக்கு மேல். மாற்று வழி தெரிந்த பிறகும் விலையும் தயாரிப்பு வசதியும் இழுத்துப் பிடித்த வருஷங்கள் அதில் நிறைய.

இப்போ என் கையில் வந்த வீக்கத்துக்கு வருவோம். சிவப்பு, வீக்கம், சூடு, வலி: அழற்சிக்கு இந்த நாலு அடையாளத்தையும் முதலாம் நூற்றாண்டு ரோமிலேயே செல்சஸ் எழுதிவைத்தார். தோலில் காவல் செல்கள் அடர்த்தி. அதனால்தான் 0.1 மில்லி மருந்து போதும். அவை ஆளனுப்ப, ரத்தக்குழாய் விரிய, கை சிவந்தது. நான் பழுது என்று நினைத்தது வேலை நடக்கிற சத்தம். கடித்த இடத்தில் இறக்கிய மருந்து வேறு: அது தயார்நிலை ஆன்டிபாடி. என் உடம்பு சொந்தமாகத் தயாரிக்கும்வரை வாசலில் நிற்கும் காவல்.

அந்த அண்ணன் காலை முடக்கியதும் என் கையைச் சிவக்க வைத்ததும் ஒரே அழற்சிதான். எதைக் காட்டி அதை எழுப்புகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

தொப்புள் ஊசிப் பயம் இன்னும் வீடுகளில் இருக்கிறது. அது முட்டாள்தனம் இல்லை, அதுக்குப் பின்னாடி நிஜமான ஆட்கள் இருக்காங்க. ஆனா அந்த ஊசி இன்னைக்கு இல்லை. கடிச்சா சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்க, அன்னைக்கே போங்க, எல்லா டோஸும் போடுங்க. நான் 28-ம் நாள் டோஸையும் சென்னையில் முடிச்சேன். முதல் ஃபோன் அத்தைக்குத்தான். "கை வீங்குச்சா?" என்றார். "லேசா." "அப்ப சரி."

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.