கொம்பிறஷன்: இறக்குமதித் தடைகளின் ஒரு கராஜ் வரலாறு

2020 மார்ச்சில அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தினது. டொலரைக் காப்பாத்த வந்த அந்தத் தடை முழுசா நீங்கினது 2025 தொடக்கத்திலதான். இடைப்பட்ட காலத்தில, லட்சக்கணக்கான கிலோமீற்றர் ஓடின எல்ஃப், கென்டர் லொறிகள்தான் கைமாறிக்கொண்டு இருந்தது. பம்பலப்பிட்டி காலி வீதியோரம் சாமான் இறக்கிற லொறிகளிலயும் இப்பிடிப்பட்டவை உண்டு. நகையை அடகுவைச்சு ஒண்டை வாங்கிற குடும்பம் எதை நம்புறது? மீற்றரைத் திருப்பலாம், பெயின்ற் அடிக்கலாம். கொம்பிறஷனை ஏமாத்துறது கஷ்டம்.

காரணம் டீசல் இஞ்சினின் பிறப்பிலேயே இருக்கு. ருடோல்ஃப் டீசல் 1893இல் காப்புரிமை பெற்ற யோசனை இதுதான்: காத்தை நல்லா அமுக்கினா அதுவே சூடாகி எரிபொருளைப் பத்தவைக்கும். 1897இல் ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் அவரது இஞ்சின் வெற்றிகரமாக ஓடிக் காட்டினது. பெற்றோல் இஞ்சினில பொறி தர பிளக் இருக்கு. டீசலுக்கு அது இல்லை. றிங், லைனர், வால்வு தேய்ஞ்சு காத்துக் கசிஞ்சா சூடும் இல்லை, ஸ்ராட்டும் இல்லை.

ஆகவே பழைய லொறி பாக்கப் போனா முதல்ல இஞ்சினைத் தொட்டுப் பாருங்கோ. சுடுதெண்டா, நீங்கள் வர முதலே ஸ்ராட் பண்ணி வைச்சிருக்கினம். தேய்ஞ்ச இஞ்சின் குளிரிலதான் தன்னைக் காட்டிக்கொடுக்கும்: கனநேரம் சுத்தும், வெள்ளைப் புகை தள்ளும். பிறகு சூடாக்கி, எரிபொருளை நிப்பாட்டி, இன்ஜெக்டர்களையோ குளோ பிளக்குகளையோ கழட்டி, ஒவ்வொரு சிலிண்டரிலயும் டீசலுக்கான கேஜை மாட்டி ஸ்ராட்டரால சுத்தவேணும். பற்றரி நல்லா இருக்கவேணும். சதுர அங்குலத்துக்கு 350 முதல் 450 இறாத்தல் வரை வாறது வழமை. இறுதித் தீர்ப்பு அந்த இஞ்சினின் கைநூலிலதான். அதைவிட முக்கியம் சிலிண்டர்களுக்கிடையிலான வித்தியாசம். 10 வீதத்துக்கு மேல போனா யோசிக்கவேணும். பக்கத்துப் பக்கத்து ரெண்டு சிலிண்டர் சேர்ந்து குறைஞ்சா ஹெட் காஸ்கெற்றில சந்தேகம்.

கொம்பிறஷன் எங்கட வரலாற்றுக்குள்ள வந்தது இது முதல் தடவை இல்லை. 1990களில் பொருளாதாரத் தடைக்குள்ள இருந்த யாழ்ப்பாணத்தில பெற்றோல் கிடைக்கேல்லை. அப்ப ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில ஓடினது. சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துவினம். மண்ணெண்ணெய் கூடின அமுக்கத்தில இஞ்சினைத் தட்டவைக்கும். அந்தப் பழைய பெற்றோல் இஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு, கிட்டத்தட்ட 7:1. அதாலதான் அவை தாக்குப்பிடிச்சது. அங்க குறைஞ்ச கொம்பிறஷன் ஆக்களைக் காப்பாத்தினது. இண்டைக்கு டீசல் லொறியில அதே குறைவு ஒரு குடும்பத்தைக் கவிழ்க்கும்.

தடைகளின் வரலாற்றை நாங்கள் வர்த்தமானியிலயும் டொலர்க் கணக்கிலயும்தான் படிக்கிறம். ஆனா தடை போட்டவை ஒரு தரப்பு, அதுக்குள்ள வண்டியை ஓடவைச்சவை இன்னொரு தரப்பு. பின்னவையின்ர அறிவு பெரும்பாலும் எழுதப்படேல்லை. ஒயில் பிடிச்ச கைகளிலதான் இருக்கு. இறக்குமதி திறந்தாலும் வரி உயரத்தில நிக்குது, பழைய லொறிகள் இன்னும் விலைப்படுது. அந்த ஆக்கள் கராஜில இருக்கேக்கையே போய்க் கேட்டு எழுதிவைக்கவேணும்.