ரயில் தின்ற மலை
பாலாற்றங்கரைக் காடுகள் – 7

1856 ஜூலை 1. ராயபுரத்தில் கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டில் வந்து நின்றது. பாதை அங்கேயே நின்றிருந்தால் குடியாத்தத்து மலைகளின் கதை வேறாகியிருக்கும். 1860க்குள் தண்டவாளம் குடியாத்தம், ஆம்பூர் கடந்து வாணியம்பாடிக்குப் போய்விட்டது.

தண்டவாளம் இரும்பு, அதைத் தாங்கியது மரம். வெயிலும் மழையும் கரையானும் சேர்ந்து ஸ்லீப்பர் கட்டைகளை அரித்துத் தள்ளின. சென்னை மாகாணத்துக்கு ஆண்டுக்கு 2,50,000 கட்டைகள், அதாவது 35,000 மரங்கள் தேவை என்று கணக்குப் போட்டார்கள். எஞ்சினுக்கும் விறகுதான். நிலக்கரி கப்பலேறி வரவேண்டும். விறகோ பாதையோரக் குன்றிலேயே இருந்தது.

மாகாணத்தின் முதல் வனக் காப்பாளர் டாக்டர் ஹியூ கிளெக்ஹார்ன். மரம் மூடிக் கிடந்த வட ஆற்காட்டுக் குன்றுகள் மொட்டையாகிவிட்டதை அவரே எழுதிவைத்தார். 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. ஆடு மேய்ப்பவரும் தலைச்சுமை விறகுக்காரியும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. காட்டைத் தீர்த்தது ரயில். கட்டுப்பாடு வந்தது ஊராருக்கு.

ரயிலால் வந்த இரண்டாவது பசி, தோல். மாட்டுவண்டியில் நாள்கணக்கில் போன சரக்கு இப்போது சீக்கிரமே சென்னைத் துறைமுகம் சேர்ந்தது. அங்கிருந்து லண்டன் சந்தை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோல் ஷாப்புகள் பெருகின. சுண்ணாம்பில் ஊறி மயிர் நீங்கிய தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டை வேண்டும். கொன்றைப்பட்டையும் கடுக்காயும் கூடவே வேண்டும். ஆவாரங்கிளைகளை வெட்டித்தான் பட்டை உரிக்க முடியும். மரம் போன சரிவுகளில் மிஞ்சிய புதருக்கும் இப்படி விலை வந்துவிட்டது.

குடியாத்தத்துக் காடுகள் அழிந்ததற்கு ஏழையின் அரிவாளைக் குற்றம் சொல்வது எளிது. ஆனால் கணக்கேட்டில் பெரிய பற்று ரயிலுக்கும் ஏற்றுமதிக்கும்தான்.

இந்த நிலையில் 1903. சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் ஒரு சோதனையில் இறங்கினார். தொட்டியில் பட்டை இல்லை, கடுக்காய் இல்லை. ஒரு உப்புக் கரைசல் மட்டுமே. தோல் நீலம் பாரித்து வெளியே வந்தது. மலைகள் பிழைத்தன என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

அது என்ன உப்பு? பட்டைக்கு மாற்றாக வந்த அது, மலையை விட்டுவிட்டுப் பாலாற்றின் மேல் பாய்ந்தது எப்படி?

அடுத்த வாரம் பார்ப்போம்.