நியூயார்க் காஸ்மாஸ்: ஆண்டுவாரி ஆட்ட வரலாறு (1971–1985)

நியூயார்க் காஸ்மாஸ், வட அமெரிக்கக் கால்பந்து லீக்கில் 1971 முதல் 1984 வரை 14 பருவங்கள் ஆடி, 1985-இல் கலைந்த தொழில்முறைக் கால்பந்துக் கழகம். அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் எர்டகன் சகோதரர்களும் பின்னாளில் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் என்றான குழுமத்தின் தலைவர் ஸ்டீவ் ராஸும் சேர்ந்து தொடங்கியது. ஐந்து முறை சாம்பியன். பெலேயின் அணி என்றே உலகம் இதை நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அந்த ஐந்தில் பெலே ஆடி வென்றது ஒன்றுதான். 2013-இல் இதே பெயரில் களமிறங்கிய அணி வேறு லீக்கைச் சேர்ந்தது. அதன் கணக்கு இதில் சேராது.

முதல் பருவத்தில் யாங்கி ஸ்டேடியத்தில், ஏறக்குறைய காலியான இருக்கைகளுக்கு முன்னால்தான் அணி ஆடியது. ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்தவர் கோர்டன் பிராட்லி. அடுத்த ஆண்டே ஹாஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழக மைதானத்துக்கு மாறி, 14 ஆட்டங்களில் ஏழில் வென்று, இறுதியாட்டத்தில் செயின்ட் லூயிஸ் ஸ்டார்ஸை 2–1 என வீழ்த்திக் கோப்பையை எடுத்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் கிடைத்த பெனால்டிதான் வெற்றி கோல். பார்த்தவர்கள் 6,102 பேர். பெர்முடாவைச் சேர்ந்த ராண்டி ஹார்ட்டன் அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர். பெலே வருவதற்கு மூன்றாண்டு முன்பே கிடைத்த இந்தக் கோப்பையைப் பலர் மறந்துவிடுவது நியாயமில்லை.

1973-இல் அரையிறுதியோடு சரி. 1974-இல் ராண்டால்ஸ் தீவிலிருந்த டவுனிங் ஸ்டேடியத்தில் 20 ஆட்டங்களில் 14 தோல்வி. பிரிவில் கடைசி இடம்.

1975 ஜூனில் பெலே ஒப்பந்தமானார். ஜூன் 15 அன்று டல்லாஸ் டொர்னாடோவுடன் அவர் ஆடிய முதல் ஆட்டம் 2–2 எனச் சமனில் முடிந்தது. தொலைக்காட்சியில் மைதானம் மொட்டையாகத் தெரியக் கூடாதென்று புல்லில்லாத இடங்களில் பச்சைச் சாயம் அடித்திருந்தார்கள். ஆட்டம் முடிந்து தன் காலில் ஒட்டியிருந்த பச்சையைப் பார்த்த பெலே, ஏதோ தொற்று வந்துவிட்டதென்று பயந்துபோனார். அவர் வந்தும் அந்தப் பருவம் 10 வெற்றி, 12 தோல்வி. பிளே-ஆஃப் வாய்ப்பு கிடைக்கவில்லை.

உண்மையான மாற்றம் 1976-இல் இத்தாலியின் லாசியோவிலிருந்து வந்த ஜார்ஜியோ கினாலியாவால் வந்தது. முதல் பருவத்திலேயே 19 ஆட்டங்களில் 19 கோல். ரசிகர்கள் பலருக்கு அவரைப் பிடிக்காது, சக வீரர்கள் சிலருக்கும்தான். ஆனாலும் லீக் ஆட்டங்களில் மட்டும் 193 கோல் போட்டவர் அவர். கழகத்தின் ஆண்டுவாரிக் கணக்கில் 1976-க்குப் பிந்தைய எந்த வரியும் அவரில்லாமல் நிற்காது.

1977-இல் நியூ ஜெர்சியின் ஜயன்ட்ஸ் ஸ்டேடியம் சொந்த மைதானமானது. ஜெர்மனியின் பெக்கன்பவரும் பிரேசிலின் கார்லோஸ் ஆல்பர்ட்டோவும் அணியில் சேர்ந்தார்கள். ஆகஸ்ட் 14 பிளே-ஆஃப் ஆட்டத்துக்கு 77,691 பேர் திரண்டார்கள். ஃபோர்ட் லாடர்டேல் 8–3 எனத் தோற்றது. போர்ட்லாண்டில் நடந்த இறுதியாட்டத்தில் காஸ்மாஸ் சியாட்டிலை 2–1 என வென்றது, கினாலியா தலையால் முட்டிய கோலில். செப்டம்பரில் ஆசியச் சுற்றுப்பயணம். கொல்கத்தா ஈடன் கார்டன்ஸின் சேற்றில் மோகன் பகான் 2–2 என ஈடுகொடுத்தது இந்தியக் கால்பந்து இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ஆட்டம். அக்டோபர் 1 அன்று பெலே விடைபெற்றார்.

அவர் போன பிறகுதான் அணி உச்சத்தைத் தொட்டது. 1978-இல் 30 ஆட்டங்களில் 24 வெற்றி, 212 புள்ளிகள். வெற்றிக்கு ஆறு புள்ளி, ஓர் ஆட்டத்தில் முதல் மூன்று கோல்களுக்குத் தலா ஒரு புள்ளி என்பது அந்த லீக்கின் விதி. எண்ணிக்கை இவ்வளவு பெரிதாகத் தெரிவது அதனால்தான். கினாலியா 34 கோல். அப்படிப்பட்ட அணியை பிளே-ஆஃபில் மினசோட்டா கிக்ஸ் 9–2 என நொறுக்கியது. கோல் வித்தியாசம் கணக்கில் வராத முறை காப்பாற்றியது: இரண்டாம் ஆட்டத்தில் காஸ்மாஸ் 4–0 என வென்றதும் இரண்டும் சமம். அரைமணி நேரக் குறு ஆட்டத்தில் கோல் விழவில்லை. 35 கெஜத்திலிருந்து ஐந்து விநாடிக்குள் கோல்கீப்பரைத் தாண்ட வேண்டிய ஷூட்-அவுட்டில், கார்லோஸ் ஆல்பர்ட்டோ பந்தைக் காலால் தூக்கி, தரையில் விடாமல் தட்டிக்கொண்டே போய் கோல் அடித்தார். காஸ்மாஸ் தப்பியது. சொந்த மைதானத்தில் டாம்பா பேயை 3–1 என வென்று கோப்பையைத் தக்கவைத்தது. அந்தப் பருவத்தின் சராசரிக் கூட்டம் 47,856.

1979-இல் மறுபடியும் 24 வெற்றி. ஆனால் வான்கூவர் ஷூட்-அவுட்டில் வெளியேற்றியது. 1980-இல் ஃபோர்ட் லாடர்டேலை 3–0 என வென்று நான்காவது கோப்பை. அந்தப் பருவத்தின் பிளே-ஆஃபில் துல்சாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் கினாலியா ஏழு கோல் போட்டார். 1981 இறுதியாட்டம் கோலின்றி முடிய, சிகாகோ ஸ்டிங் ஷூட்-அவுட்டில் வென்றது. 1982-இல் சான் டியேகோவில் சியாட்டிலை 1–0 என வென்றது கடைசிக் கோப்பை, கோல் கினாலியாவுடையது.

1983-இல் 22 வெற்றிகளோடு முன்னணியில் இருந்தும் மாண்ட்ரியல் தடுத்தது. வார்னரின் அட்டாரி வீடியோ விளையாட்டு நிறுவனம் பெருநட்டத்தில் சிக்கியிருந்த காலம் அது. அணிக்குப் பணம் கொட்டிய கை சுருங்கியது. 1984-இல் கழகத்தின் பெரும்பங்கு கினாலியாவின் கைக்குப் போனது. 13 வெற்றி, 11 தோல்வி, பிளே-ஆஃப் இல்லை, சராசரிக் கூட்டம் 12,817. அதோடு லீக்கும் முடங்கியது. உள்ளரங்கக் கால்பந்து லீக்கில் சேர்ந்த காஸ்மாஸ் 1985 பிப்ரவரியில் பருவத்தின் நடுவிலேயே விலகியது. தனித்து ஆடிப் பிழைக்கலாமென்ற முயற்சியும், ஜூனில் லாசியோவுடனான ஆட்டம் கைகலப்பானதோடு கைவிடப்பட்டது.