கிளார்க் கவுன்டியில் ஒரு கோப்பு

1940 மே மாதத்தில் வட கரோலினாவிலிருந்து இரண்டு பேர் நெவாடாவுக்குக் கிளம்பிப் போனார்கள். ஒருவர் வில்லியம்ஸ், கல்யாணமாகி 24 வருஷம். இன்னொருவர் ஹென்ட்ரிக்ஸ் என்ற பெண், கல்யாணமாகி 20 வருஷம். இருவரும் கல்யாணம் ஆனவர்கள்தான், ஆனால் ஒருவரையொருவர் அல்ல. லாஸ் வேகாஸில், காரில் வரும் வழிப்போக்கர்கள் தங்குகிற விடுதி ஒன்றில் இருந்தார்கள். ஆறு வாரம் முடிந்ததுமே, ஜூன் 26 அன்று, ஆளுக்கொரு விவாகரத்து மனு போட்டார்கள். ஆகஸ்ட் 26இல் அவருக்குத் தீர்ப்பு வந்தது, அக்டோபர் 4இல் அந்தப் பெண்ணுக்கு. அன்றைக்கே கல்யாணம் செய்துகொண்டு ஊர் திரும்பினார்கள். முதல் கல்யாணம் இருக்கும்போதே இன்னொருவரை மணந்து சேர்ந்து வாழ்ந்த குற்றத்துக்காக ஊரில் அவர்கள்மேல் வழக்குப் பாய்ந்தது.

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இதை அரசியல் சாசனப் பாடமாக நடத்துகிறார்கள். என்னை இழுத்தது வேறொன்று. இந்த வழக்கே ஒரு நகலைச் சுற்றித்தான் சுழல்கிறது. குற்றவாளிக் கூண்டில் நின்ற இருவரிடமும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே ஒரு பொருள்தான் இருந்தது: நெவாடா தீர்ப்பின் நகல். சும்மா கையொப்பமிட்ட நகல் இல்லை. நீதிமன்ற எழுத்தர் முத்திரையிட்டு, இது அசலோடு ஒத்துப்போகிறது என்று எழுத, அந்த எழுத்தரின் சான்று முறைப்படி உள்ளது என்று நீதிபதி ஒருவர் அதன்மேல் இன்னொரு சான்று தருவார். 1790இல் போட்ட சட்டம் கேட்ட முறை அது. ஒரு மாநில நீதிமன்றத்தின் தீர்ப்பை இன்னொரு மாநிலம் மதித்தாக வேண்டும் என்கிறது அரசியல் சாசனம். அந்த மதிப்பைச் சுமந்து செல்லும் வண்டிதான் இந்த நகல்.

வட கரோலினா அதை மதிக்கவில்லை. இருவருக்கும் சிறைத்தண்டனை. 1942இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நெவாடாவில் உண்மையாகவே குடியிருந்தால் நெவாடா தரும் விவாகரத்து எங்கும் செல்லும் என்றது. வட கரோலினா விடவில்லை. 'சரி, உண்மையாகவே குடியிருந்தார்களா?' என்று மறுபடி விசாரித்தது. இல்லை என்றது ஜூரி. 1945இல் அதே உச்ச நீதிமன்றம் இந்தத் தண்டனையை உறுதிசெய்தது. நகலில் 'மனுதாரர் இந்தக் கவுன்டியில் மெய்யாகக் குடியிருப்பவர்' என்று எழுதியிருந்தாலும், அதை இன்னொரு மாநிலம் தோண்டிப் பார்க்கலாம் என்றாகிவிட்டது. அப்படியானால் இதேபோல விவாகரத்து வாங்கிக் குடும்பம் நடத்தும் எண்ணற்ற பேரின் கதி என்ன என்று, மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி பிளாக் கவலைப்பட்டார்.

அத்தனை பேர் ஏன் நெவாடாவுக்குப் போனார்கள்? மற்ற இடங்களில் கதவு அடைத்திருந்தது. நியூயார்க்கில் 1967 வரை நடைமுறையில் ஒரே காரணம்தான்: துணை இன்னொருவரோடு உறவு வைத்திருந்ததை நிரூபிக்க வேண்டும். தென் கரோலினாவில் 1949 வரை, உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய சில வருஷங்கள் தவிர, விவாகரத்தே கிடையாது. நெவாடாவோ குடியிருப்புக் காலத்தை 1927இல் ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமாக்கியது. 1931இல் ஆறு வாரமாக்கியது. அதே வருஷம்தான் சூதாட்டத்தையும் சட்டபூர்வமாக்கியது. பொருளாதார மந்தக் காலம், பாலைவன மாநிலம். பிழைக்க வழி வேண்டாமா? ரீனோ நகரத்தில் விடுதிகளும் வக்கீல்களும் 'ஆறு வாரக்காரர்களை' நம்பியே பிழைத்தார்கள்.

அதனால் கல்யாணம் நடந்தது ஓர் ஊர், குடும்பம் நடந்தது இன்னோர் ஊர், முறிந்ததற்கான தாள் இருப்பது ஆயிரக்கணக்கான மைல் தள்ளி மூன்றாவது ஊரில். விவாகரத்துப் பதிவைத் தேடுகிறவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதுதான். கல்யாணம் நடந்த ஊரைத் தேடிப் பயனில்லை. மனு எந்தக் கவுன்டியில் போடப்பட்டது என்பதே கேள்வி. அமெரிக்காவில் விவாகரத்து வாஷிங்டனின் விஷயம் கிடையாது. சட்டம் மாநிலத்துடையது, கோப்பு கவுன்டியினுடையது. நெவாடாவில் மாவட்ட நீதிமன்றம், வட கரோலினாவில் சுப்பீரியர் கோர்ட், நியூயார்க்கில் சுப்ரீம் கோர்ட் (அங்கே அந்தப் பெயர் விசாரணை நீதிமன்றத்துக்கு!). பென்சில்வேனியாவில் கோப்பை வைத்திருக்கும் அதிகாரிக்குப் புரோதோனோட்டரி என்று பெயர். வாயில் நுழையாவிட்டாலும் அவரிடம்தான் கேட்க வேண்டும்.

கவுன்டியும் நிலையானதல்ல. லாஸ் வேகாஸ் இருக்கும் கிளார்க் கவுன்டி 1909இல்தான் லிங்கன் கவுன்டியிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய வழக்கென்றால் லிங்கனில் தேட வேண்டும். இன்னும் பழைய காலத்தில் பல மாநிலங்களில் சட்டமன்றமே விவாகரத்து கொடுத்தது; வட கரோலினாவில் அது 1835இல் நின்றது. அதற்கு முந்தையதை நீதிமன்றப் புத்தகத்தில் மட்டும் தேடினால் போதாது, சட்டத் தொகுப்பையும் பார்க்க வேண்டும்.

கவுன்டி தெரிந்துவிட்டால் மூன்று விஷயம் கையில் வேண்டும்: கணவன் பெயர், மனைவி பெயர், தோராயமான வருஷம். பழைய அகராதிப் புத்தகங்களில் மனுதாரருக்கு ஒரு வரிசை, எதிர்மனுதாரருக்கு ஒரு வரிசை. இரண்டிலும் பார்க்க வேண்டும். அங்கே வழக்கு எண் கிடைக்கும். எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. நம்மூர் கோர்ட்டில் காபி அப்ளிகேஷன் போட்டவர்களுக்கு இது புதிதல்ல. மாநிலத் தலைமை அலுவலகங்களில் பெரும்பாலும் சுருக்கக் குறிப்புதான் இருக்கும். மனு, சம்மன், தீர்ப்பு எல்லாம் வேண்டுமென்றால் கவுன்டிக்குத்தான் போயாக வேண்டும். ரொம்பப் பழையவை மாநில ஆவணக் காப்பகத்துக்குப் போயிருக்கும்.

வருஷமே தெரியாவிட்டால்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாள்கள் 72 வருஷம் கழித்துத் திறக்கப்படுகின்றன. 1950 வரையுள்ளவை இப்போது எவரும் பார்க்கலாம். அதில் மணநிலை என்று ஒரு கட்டம் உண்டு. ஆனால் விவாகரத்தான பெண்கள் பலர் அந்தக் கட்டத்தில் 'விதவை' என்று சொல்லியிருக்கிறார்கள். உயிரோடிருந்த கணவனைக் கணக்கெடுப்பாளரிடம் சாகடித்துவிட்டால் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கலாம். பத்திரிகைகளும் உதவும். எதிர்த்தரப்பின் கையில் சம்மன் கொடுக்க முடியாதபோது நாளிதழில் அறிவிப்புப் போடுவார்கள். ஹென்ட்ரிக்ஸின் கணவருக்கு லாஸ் வேகாஸ் பத்திரிகை ஒன்றில் அப்படித்தான் அறிவிப்பு வந்தது. ஒரு நகலைத் தபாலிலும் அனுப்பினார்கள். வட கரோலினாக்காரர் நெவாடா பத்திரிகையை எங்கே படிக்கப் போகிறார்?

சில கோப்புகள் பூட்டப்பட்டிருக்கும். நியூயார்க்கில் விவாகரத்துக் கோப்பை, சம்பந்தப்பட்டவர்களும் அவர்களின் வக்கீல்களும் தவிர மற்றவர்கள் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் 100 வருஷம் பார்க்க முடியாது. நெவாடா சட்டத்தின் ஏற்பாடு வேறு: யாராவது ஒரு தரப்பு எழுதிக் கேட்டால் சாட்சியமும் ஆவணங்களும் முத்திரையிடப்படும்; ஆனால் மனுவும் தீர்ப்பும் திறந்தே இருக்கும். எதிர்த்தரப்பு வராமலே முடிந்த வழக்கென்றால் சம்மனும் அது சார்வு செய்யப்பட்ட விவரமும்கூடத் திறந்திருக்கும்.

சரி, கோப்பு கிடைத்துவிட்டது. அதை நம்பலாமா? வில்லியம்ஸுக்கு விவாகரத்து கிடைத்த காரணம் 'மிகையான கொடுமை'. தாளின்படி பார்த்தால் கொடுமைக்காரர் அவருடைய மனைவி கேரி. இன்னொரு பெண்ணைக் கல்யாணம் செய்ய நாடு கடந்துபோனவர் பாதிக்கப்பட்டவர். 24 வருஷம் குடும்பம் நடத்தி ஊரில் விடப்பட்டவர் குற்றவாளி. கேரி நெவாடாவுக்குப் போகவில்லை, பதில் மனுவும் போடவில்லை. நெவாடாவில் ஆயிரக்கணக்கான கோப்புகளில் இதே 'கொடுமை' திரும்பத் திரும்ப வருகிறது. உண்மையில் அடியும் உதையும் பட்ட பெண்ணின் மனுவிலும் அதே சொல், அலுத்துப்போய்ப் பிரிந்தவர்களின் மனுவிலும் அதே சொல். சட்டம் ஒரு சாவியைத்தான் வைத்திருந்தது, எல்லோரும் அதையே எடுத்துத் திறந்தார்கள். அப்படித் திறந்ததில் உண்மையாக அடிபட்டவளின் குரலும் வாய்பாட்டுக்குள் காணாமல் போய்விட்டது.

தங்கள் குடும்ப வரலாறு தேடிக் கவுன்டிக்கு எழுதிப்போடுகிற பேரப்பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். பாட்டி கொடுமைக்காரி என்று முத்திரையோடு ஒரு தாள் வந்தால், உடனே நம்பிவிட வேண்டாம். அவள் அந்த நீதிமன்றத்துக்கு வந்தாளா என்று முதலில் பாருங்கள். கேரியின் வழக்கில் வட கரோலினா ஷெரீஃப் ஒருவர் சம்மனையும் மனுவின் நகலையும் அவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். வராத ஒருத்தி கோப்புக்குள் நேரில் தென்படும் இடம் அநேகமாக அந்தச் சார்வுக் குறிப்பு மட்டும்தான்: இன்ன நாள், இன்ன ஊர், இவரிடம் கொடுக்கப்பட்டது. என்னைக் கேட்டால், தீர்ப்பின் நகல் கேட்கும்போது அந்த ஒரு தாளையும் சேர்த்தே கேட்க வேண்டும்.