ஆற்றைப் பங்கிட்டுக்கொண்ட படகுகள்

ஆற்றிலே இரண்டு படகுகள் எதிரெதிரே வருகின்றன. எது எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும்? சாலையென்றால் நமக்குத் தெரியும். நம் நாட்டில் வண்டிகள் இடப் பக்கமாகப் போகும். தண்ணீரில் கோடும் இல்லை, சிவப்பு விளக்கும் இல்லை. ஆயினும் அங்கேயும் சட்டம் உண்டு. நேருக்கு நேர் வரும் படகுகள் இரண்டும் தத்தம் வலப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்பது கடலில் உலகம் முழுவதற்கும் பொதுவான விதி. பெரும்பாலான ஆறுகளிலும் அதுவே வழக்கம்.

ஆற்றுப் போக்குவரத்து பூச்சோங் வாசிகளான நமக்குப் புதிதன்று. நம் ஊரை ஒட்டி ஓடும் கிள்ளான் ஆறுதான் ஒரு காலத்தில் இவ்வட்டாரத்தின் பெருஞ்சாலை. 1857-ஆம் ஆண்டில், ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் இவ்வாற்றின் வழியாகத்தான் மேலே போய், கோம்பாக் ஆறு வந்து கலக்கும் இடத்தில் இறங்கி, அம்பாங்கில் ஈயம் தேடினார்கள். ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் கண்டு 69 பேர் மாண்டார்கள். 1886-இல் இரயில் வந்தது. ஆற்றை மக்கள் மறந்தார்கள்.

அந்தப் படகுகளைச் செலுத்தியவர்கள் பிழைப்புக்காகச் செலுத்தினார்கள். படகுப் போட்டிக்காரர்களின் கதை வேறு. அவர்களுடைய படகு எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். எட்டுப் பேர் துடுப்பு வலிக்கும் படகு ஏறத்தாழ 60 அடி நீளம், அகலமோ இரண்டடிதான். துடுப்பு வலிப்போர் எட்டு பேரும் படகு போகும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்! முன்னே என்ன வருகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. சுக்கான் பிடிக்கும் ஒன்பதாவது ஆள் ஒருவரே பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் 'நிறுத்து' என்றால் எட்டு பேரும் ஒரே நொடியில் துடுப்பைத் தண்ணீரில் அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் படகு நினைத்த இடத்தில் நின்றுவிடாது. பாரம் ஏற்றிய லோரி இறக்கத்தில் வருவதைப் பார்த்திருப்பீர்களே, ஏறக்குறைய அந்த நிலைதான்.

இத்தகைய படகுகள் ஒன்றல்ல, பல டஜன் ஒரே சிற்றாற்றில் காலையும் மாலையும் இறங்கினால் என்ன ஆகும்? இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்துக் கேம் ஆற்றில் அதுதான் நடந்தது. அந்த ஆறு மிகவும் குறுகல். இரண்டு படகுகள் பக்கம் பக்கமாக நின்று பந்தயம் ஓட்ட இடம் கிடையாது. ஆகவே 1827-இல் கல்லூரி மாணவர்கள் ஒரு தனிமுறையைக் கைக்கொண்டார்கள். படகுகளை ஒன்றன்பின் ஒன்றாக, இடையே ஒன்றரைப் படகு நீளம் விட்டு நிறுத்துவது. பீரங்கி வெடித்ததும் பின்னுள்ள படகு முன்னுள்ளதைத் துரத்திப் பிடித்து இடிப்பது. இடித்தவர் மறுநாள் ஓரிடம் முன்னேறுவார், இடிபட்டவர் பின்னேறுவார். மோதாமலிருக்கத்தான் எல்லா இடத்திலும் விதி செய்வார்கள்; இங்கே மோதுவதே விளையாட்டு!

நெடுங்காலம் இது வேடிக்கையாகவே நடந்தது. 1888-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் ஒரு படகின் கூரிய மரமுனை, கிளேர் கல்லூரிப் படகில் உட்கார்ந்திருந்த மாணவர் ஒருவரைக் குத்தியது. அவர் இறந்துபோனார். அதன்பிறகே எல்லாப் படகுகளின் முனையிலும் ரப்பர் பந்து ஒன்றைக் கட்டாயம் பொருத்த வேண்டும் என்று விதி வந்தது. இன்று உலகில் எந்தப் போட்டிப் படகைப் பார்த்தாலும் மூக்கின் நுனியில் ஒரு வெள்ளை உருண்டை தெரியும். குறுக்களவு நான்கு சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. ரப்பர் மரத்தோடு வாழ்ந்த நமக்கு அந்தச் சிறு உருண்டையின் அருமை கொஞ்சம் கூடுதலாகவே புரிய வேண்டும்.

ஆனால், பந்தயம் தொடங்கி 61 ஆண்டுகள் கழித்து, ஒரு சாவுக்குப் பிறகுதான் அந்தப் பந்து வந்தது. கூர்முனையின் ஆபத்து அதற்கு முன் ஒருவர் கண்ணுக்கும் படவில்லையா? பட்டிருக்கும். கவலைப்பட்டுச் செலவு செய்ய யாரும் முன்வரவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. தோட்டத்திலும் ஆலையிலும் இயந்திரத்துக்கு மூடி போட்ட வரலாறும் இப்படித்தானே?

இந்த விளையாட்டு தமிழர் வாழும் ஊர்களுக்கும் வந்தது. கொழும்புப் படகுக் கழகம் 1864-இலும், சென்னைப் படகுக் கழகம் 1867-இலும் தோன்றின. இரண்டும் 1898 முதல் ஒன்றோடொன்று போட்டியிட்டு வந்திருக்கின்றன. வெள்ளைக்காரர்கள் தொடங்கிய கழகங்கள். பிற்காலத்தில் நம்மவர் கைக்கு வந்தன. சென்னைக் கழகம் அடையாற்றில் இருக்கிறது. அடையாற்றின் ஆபத்து கேம் ஆற்றினது போன்றதன்று. கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைக்கும். மழைக்காலத்தில் வெள்ளம் சீறும். 2015 டிசம்பரில் அந்த ஆறு கரை புரண்டு நகரத்துக்குள் புகுந்ததை நாம் தொலைக்காட்சியில் கண்டோம். ஆற்றுக்கு ஆறு குணம் வேறுபடுவதால் விதியும் வேறுபட்டாக வேண்டும். ஆக்ஸ்போர்டில் நீரோட்டத்தின் வேகத்தை அளந்து கொடி ஏற்றுகிறார்கள். பச்சைக் கொடி பறந்தால் எல்லோரும் இறங்கலாம். வேகம் கூடக் கூடக் கொடி மாறும். புதிதாகச் சுக்கான் பிடிப்பவர்கள் முதலில் நிறுத்தப்படுவார்கள். சிவப்புக் கொடி என்றால் எவ்வளவு கைதேர்ந்தவரானாலும் கரையில்தான் இருக்க வேண்டும்.

நம் வட்டாரத்தில் வெள்ளத்தைவிட இடியே கொடியது. பிற்பகலில் வானம் கறுத்து இடி முழங்கினால் படகைக் கரை சேர்த்துவிட வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழியும்வரை மறுபடி இறங்கக்கூடாது.

கொடியும் பந்தும் இருந்தும் சாவு நிற்கவில்லை. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில், ஆக்ஸ்போர்டு மாணவர்கள் பயிற்சிக்காக ஸ்பெயின் நாட்டு எப்ரோ ஆற்றுக்குப் போயிருந்தார்கள். காற்றில் அலை எழுந்து படகு நிறையத் தண்ணீர் புகுந்தது. அந்தக் காலத்துப் படகுகளில் இருக்கைக்கு அடியில் இருந்த வெற்றிடம் அடைக்கப்படாமல் இருந்தது. நீர் நிறைந்தால் ஆட்களோடு சேர்ந்து அமிழும். கரையை நோக்கி நீந்திய மாணவர் ஒருவர் கரை சேரவில்லை. அவருடைய பெற்றோர் அதோடு விடவில்லை. படகைத் திருத்துங்கள் என்று பல ஆண்டுகள் வாதாடினார்கள். இன்று புதுப்படகுகள், நீர் நிறைந்தாலும் ஆட்களைத் தாங்கி மிதக்கும்படி, மூடிய காற்றறைகளோடு கட்டப்படுகின்றன. 'படகு கவிழ்ந்தால் படகையே பற்றிக்கொண்டிருங்கள், நீந்திப் போகாதீர்கள்' என்பது முதல்நாள் பாடம்.

நம் நாட்டிலும் துயரம் நடந்தது. 2010 ஜனவரி 17-ஆம் நாள், பினாங்குக் கடலோரத்தில் சுங் லிங் உயர்நிலைப் பள்ளிக் குழுவின் டிராகன் படகு ஓர் இழுவைக் கப்பலில் மோதிக் கவிழ்ந்தது. ஆறு பேர் இறந்தார்கள். டிராகன் படகில் எல்லோரும் முன்னோக்கித்தான் அமர்வார்கள். கண்ணுக்கு நேரே தெரிந்தாலும், நீரோட்டம் இழுக்கும்போது சிறு படகு பெரிய கலத்திடமிருந்து தப்புவது அரிது.

இனி நமக்கு அண்மையில் உள்ள நீர்நிலைக்கு வருவோம். பூச்சோங்கிலிருந்து தெற்கே சிறிது தூரத்தில் புத்ராஜெயா ஏரி இருக்கிறது. சுவாவ் ஆற்றைத் தடுத்து உண்டாக்கிய ஏரி அது. முன்பு அந்நிலத்தில் பிராங் புசார், காலோவே, செஜ்லி, மேடிங்லி என்ற தோட்டங்கள் இருந்தன. (கேம்பிரிட்ஜ் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரும் மேடிங்லிதான்!) நகரம் எழுந்தபோது அங்கிருந்த குடும்பங்கள் டெங்கில் பக்கம் குடியமர்த்தப்பட்டன. நம்மவர் பால் மரம் சீவிய அந்த வட்டாரத்தில் இன்று டிராகன் படகும், துடுப்புப் படகும், சுற்றுலாப் படகும் ஒரே நீரைப் பங்கிட்டுக்கொள்கின்றன. சுற்றுலாப் படகு எழுப்பும் அலை, இரண்டடி அகலப் படகுக்குப் பெரிய அலை.

தோட்டத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிறார்கள். அவர்களில் ஒருவர் படகுக் கழகத்தில் சேர விரும்பலாம். பழைய ஈயக் குட்டைகளுக்குப் பயந்து நாம் நம் பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கமே விடாமல் வளர்த்தோம். பயத்துக்குக் காரணமும் இருந்தது. ஆனால் அதனால் பலருக்கு நீச்சல் வராமலே போயிற்று. இங்கிலாந்தின் கழகங்கள் பலவற்றில், மெல்லிய உடையோடு 50 மீட்டர் நீந்திக் காட்டிய பிறகே படகில் ஏற்றுகிறார்கள். படகோடு பொருத்திய காலணியின் குதிகாலில் ஒரு கயிறு கட்டியிருக்க வேண்டும். படகு கவிழ்ந்தால் காலை உருவிக்கொள்ள அதுதான் உதவும். பிள்ளை படகுக் கழகம் என்று சொன்னால், நீச்சல் சோதனை வைத்தார்களா, அந்தக் கயிறு இருக்கிறதா, காப்புப் படகு கூட வருமா என்று கேளுங்கள்.

இன்னொன்றும் கேட்கலாம். விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் கிராணி பெயர் எழுதுவதைப் பார்த்தவர்கள் நாம். படகுக் கொட்டகையிலும் அப்படி ஒரு புத்தகம் உண்டு. யார் யார், எந்தப் படகில், எத்தனை மணிக்கு இறங்கினார்கள் என்று அதில் எழுதுகிறார்கள். திரும்பி வந்ததும் அந்தப் பெயர்களுக்கு நேரே மணியைக் குறிக்கிறார்கள். குறிக்கப்படாத பெயர் ஒன்று இருந்தால், உடனே தேடப் புறப்படுகிறார்கள்.