கார் இன்சூரன்சுக்கு முகவரி சான்று: வாடகை வீட்டுக்காரர்கள் என்ன கொடுக்கலாம்?

மூலக்குளம்,

கார் இன்சூரன்சு எடுக்கப் போனால் முதலில் கேட்பது வண்டி நம்பர். அடுத்து கேட்பது முகவரி சான்று. சொந்த வீட்டுக்காரர்களுக்கு இதில் சிக்கல் இல்லை. மூலக்குளம், ரெட்டியார்பாளையம் பக்கம் வாடகைக்கு குடியிருந்து கொண்டு செகண்ட்ஹேண்ட் கார் ஓட்டுபவர்கள்தான் முழிக்கிறார்கள். கரண்டு பில் வீட்டு ஓனர் பெயரில். ஆதாரில் சொந்த ஊர் விலாசம். "கவலைப்படாதீங்க, ஏதாவது ஒரு விலாசம் போட்டுக்கலாம்" என்று புரோக்கர் சொன்னால் தலையாட்டி விடுகிறார்கள். அங்கேதான் வினை ஆரம்பம்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

1-1-2023 முதல் எந்த இன்சூரன்சு பாலிசி எடுத்தாலும் கே.ஒய்.சி. கட்டாயம் என்று இன்சூரன்சு ஒழுங்குமுறை ஆணையம் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) கொண்டு வந்தது. இதற்கு ஏற்கப்படும் சான்றுகள் பாஸ்போர்ட், டிரைவிங் லைசென்சு, வாக்காளர் அட்டை, ஆதார், 100 நாள் வேலை அட்டை, தேசிய மக்கள்தொகை பதிவேட்டின் கடிதம். இவ்வளவுதான். ரேஷன் கார்டு இந்த பட்டியலில் இல்லை. பான் கார்டில் விலாசமே கிடையாது, எனவே அது முகவரி சான்று ஆகாது. சாதாரண வாடகை ஒப்பந்தத்துக்கும் பட்டியலில் இடமில்லை.

அட்டையில் பழைய விலாசம் இருக்கிறதா? அதற்கும் வழி உண்டு. 2 மாதத்துக்கு உட்பட்ட கரண்டு பில், தண்ணீர் பில், லேண்ட்லைன் போன் பில், போஸ்ட்பெய்டு செல்போன் பில், வீட்டு வரி ரசீது, ஓய்வூதிய ஆணை இவற்றில் ஒன்றை சேர்த்து கொடுக்கலாம். ஆனால் 3 மாதத்துக்குள் அட்டையில் புது விலாசத்தை மாற்றி காட்ட வேண்டும். ஆதார் இ-கே.ஒய்.சி. முறையில் செய்பவர்கள், இப்போது குடியிருக்கும் விலாசத்தை சுய உறுதிமொழியாக எழிதாக எழுதிக் கொடுக்கவும் விதி இருக்கிறது. வாடகைக்காரர்களுக்கு இதுதான் சுலபம். பலருக்கு இது தெரிவதே இல்லை.

எல்லைப்பிள்ளைச்சாவடி விவகாரம்

பொய் விலாசம் என்றால் என்ன நடக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 2017-ல் கேரளத்தையே கலக்கிய சொகுசு கார் விவகாரம் நம்ம ஊர் விலாசத்தில்தான் வெடித்தது. கேரளத்தில் ஒரு கோடி ரூபாய் காருக்கு சாலை வரி மட்டும் ரூ.20 லட்சம் அளவுக்கு வரும். புதுவையில் அதில் சிறு பகுதிதான். எனவே கேரளத்தில் ஓடும் கார்களுக்கு புதுவை விலாசம் காட்டி பி.ஒய். நம்பர் வாங்கியதாக புகார் கிளம்பியது. மூலக்குளத்தில் இருந்து இந்திராகாந்தி சிலைக்கு போகும் வழியில் உள்ள எல்லைப்பிள்ளைச்சாவடியும், திலாசுப்பேட்டையும் அந்த விலாசங்களில் அடிபட்டன.

நடிகர்கள் சுரேஷ்கோபி, பகத் பாசில், நடிகை அமலாபால் ஆகியோர் மீது கேரள போலீசார் வழக்கு போட்டனர். சுரேஷ்கோபியும் அமலாபாலும் குற்றச்சாட்டை மறுத்தனர். பகத் பாசில் கேரளத்தில் வரியை கட்டினார். அப்போதைய கவர்னர் கிரண்பேடியும் புதுவையில் விசாரணைக்கு உத்தரவிட்டார்.

நடிகர்களுக்கு வக்கீல் இருக்கிறார்கள். ரூ.3 லட்சம் காரில் பிழைப்பு ஓட்டுபவருக்கு யார் இருக்கிறார்கள்?

இன்சூரன்சுக்கும் ஆர்.சி.க்கும் என்ன தொடர்பு?

வண்டியை பதிவு செய்ய முகவரி சான்றும் வேண்டும், இன்சூரன்சும் வேண்டும். இரண்டும் கை கோர்த்துதான் நடக்கும். பதிவான ஊரை வைத்துதான் பிரீமியமும் பிரிகிறது. 2002-ம் ஆண்டு மோட்டார் டாரிஃப்பில் சென்னை, பெங்களூர், மும்பை உள்ளிட்ட 8 பெருநகரங்கள் 'ஏ' மண்டலம். புதுவை உள்பட மற்ற ஊர் எல்லாம் 'பி' மண்டலம். 1000 சி.சி.க்கு உட்பட்ட, 5 வருடத்துக்கு மேற்படாத காருக்கு சொந்த சேத பிரீமியம் 'ஏ'-யில் 3.127 சதவீதம், 'பி'-யில் 3.039 சதவீதம். ரூ.3 லட்சம் மதிப்புள்ள காருக்கு கணக்கு போட்டால் வித்தியாசம் வெறும் ரூ.264. இந்த 264 ரூபாய்க்காக சென்னையில் ஓடும் காருக்கு புதுவை விலாசம் கொடுத்தால், கிளைம் வரும் நாளில் 'தவறான தகவல் கொடுத்தார்' என்று கம்பெனி பிடித்துக்கொள்ள நாமே இடம் கொடுத்தது போல ஆகிவிடும்.

வீடு மாறியதால் ஆர்.சி.யில் ஒரு விலாசமும் பாலிசியில் ஒரு விலாசமும் இருப்பது வேறு விஷயம். அது மோசடி ஆகாது. ஆனால் மோட்டார் வாகன சட்டப்படி வீடு மாறிய 30 நாளைக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு தெரிவிக்க வேண்டும். இதற்கு படிவம் 33. பரிவாகன் இணையதளத்திலும் விண்ணப்பிக்கலாம். அதன்பின் இன்சூரன்சு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தால் பாலிசியில் விலாசத்தை திருத்தி 'எண்டார்ஸ்மெண்ட்' தருவார்கள்.

எல்லையோரம் இருப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். வேலை புதுவையில், வீடு பட்டானூரிலோ கோட்டக்குப்பத்திலோ என்றால் அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். ஒரு மாநில நம்பர் வண்டியை 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே புது நம்பர் வாங்க வேண்டும் என்பது சட்டம்.

பழைய கார் வாங்கினால்...

கார் கை மாறினால் 14 நாளைக்குள் பாலிசியை தன் பெயருக்கு மாற்ற வாங்கியவர் விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாவிட்டாலும் அடிபட்ட மூன்றாம் நபருக்கு நஷ்டஈடு கிடைக்கும். ஆனால் நொறுங்கிய சொந்த காருக்கு கிளைம் கேட்டால் கையை விரித்து விடுவார்கள்.

விற்றவரும் தப்ப முடியாது. 2007-ல் விற்றுவிட்டதாக ஒருவர் சொன்ன கார், ஆர்.சி.யில் பெயர் மாறாமலே பல கை மாறி 2009-ல் விபத்தில் சிக்கியது. ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளர், அவரே நஷ்டஈட்டுக்கு பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட்டு 2018 பிப்ரவரியில் தீர்ப்பு சொன்னது. கோர்ட்டு சம்மனும் ஆர்.சி.யில் உள்ள அந்த பழைய விலாசத்துக்குத்தான் போகும். வீடு மாறிப் போனவர் கைக்கு அது கிடைக்காமலே வழக்கு முடிந்து போனாலும் போகும்.

சரியான சான்று கொடுத்தும் கம்பெனி இழுத்தடித்தால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதம் வரை பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்சு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். புதுச்சேரி, காரைக்கால் இரண்டும் அந்த அலுவலக எல்லைக்குள்தான் வருகின்றன. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் இலவச போன் எண் 155255.